வெள்ளைப் பணியாரத்துக்குச் சீனி கேட்கும் பிள்ளை

காரைக்குடியில் எங்கள் வீட்டுக்கு யாராவது வெளியூரிலிருந்து வந்தால் மறுநாள் காலைப் பலகாரம் வெள்ளைப் பணியாரம்தான். பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, காய்ந்த எண்ணெயில் கரண்டி கரண்டியாக ஊற்றி, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும். தொட்டுக்கொள்ள வரமிளகாயும் தக்காளியும் பூண்டும் வைத்து அரைத்த காரச் சட்னி. போன ஆடியில் சென்னையிலிருந்து என் அண்ணன் மகள் தன் மூன்று வயது மகளோடு வந்திருந்தாள். குட்டி தட்டைப் பார்த்தாள். பணியாரத்தை ஒரு விரலால் அமுக்கினாள். அது மெதுவாக உப்பி எழுந்ததும், "சீனி?" என்றாள்.

பக்கத்தில் எதிர்வீட்டுப் பையன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் அதே வயதுதான். பணியாரத்தின் ஓரத்தை மட்டும் சட்னியில் ஒற்றி ஒற்றி மூன்றாவதைத் தின்றுகொண்டிருந்தான். மூக்கு ஒழுகியது, அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை.

"புள்ள கேக்குது, ஒரு கரண்டி போட்டாத்தான் என்ன?" என்றார் என் அம்மா. அண்ணன் மகளுக்கு அவர் அப்பத்தா. இப்போது வீட்டில் எல்லோருக்குமே அப்பத்தாதான்.

"இட்லிக்கும் சீனி, தயிர்ச்சோத்துக்கும் சீனின்னு ஆயிருச்சு அப்பத்தா. இப்போ இதுக்குமா?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஏன் அத்தை, இது பிறவியிலேயே வர்றதா, இல்ல நாங்க பழக்குனதா?"

நல்ல கேள்வி. இரண்டும்தான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் எது பிறவி, எது பழக்கம் என்று பிரித்துப் பார்த்தால்தான் அவளுக்குப் பயன். இனிப்பு பிடிப்பது பிறவி. எந்தச் சாப்பாட்டில் இனிப்பு இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பழக்கம். அன்று அவளிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

கூடவே பிறந்தது

1970-களில் ஜெருசலேமில் யாக்கோப் ஸ்டைனர் என்ற ஆய்வாளர், பிறந்து சில மணி நேரமே ஆன, முதல் பால்கூடக் குடிக்காத குழந்தைகளின் நாக்கில் துளித் துளியாக வெவ்வேறு சுவைகளை வைத்துப் பார்த்தார். இனிப்புத் துளிக்கு முகம் தளர்ந்தது, உதடு சப்புக் கொட்டியது, சில குழந்தைகளின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. புளிப்புக்கு உதடு குவிந்தது. கசப்புக்கு வாய் பிளந்து நாக்கு வெளியே தள்ளியது. வசம்பு இழைத்த உரைமருந்தைச் சங்கில் ஊற்றிப் புகட்டியவர்களுக்கு அந்தக் கடைசி முகம் நன்றாகத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வருகிற முகம் அது.

இதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தையின் முதல் உணவு தாய்ப்பால். நூறு மில்லி தாய்ப்பாலில் ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் எனும் பால் சர்க்கரை உண்டு. பசும்பாலில் அது 5 கிராமுக்குள்தான். பிறந்தவுடன் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் பொருளே இனிப்பாக இருக்கும்போது, இனிப்பை வெறுக்கிற குழந்தை பிழைத்திருக்காது. காட்டில் பழுத்த பழம் இனிக்கும், நஞ்சு பெரும்பாலும் கசக்கும். நாக்கின் அமைப்பிலும் இந்தக் கணக்குத் தெரிகிறது. சுவைப் பொருள் சாவி மாதிரி வந்து பொருந்துகிற பூட்டுகள் நாக்கில் உண்டு; இனிப்பை உணர முதன்மையாக ஒரே ஒரு பூட்டுதான் இருக்கிறது. இரண்டு புரதங்கள் சேர்ந்த அந்தப் பூட்டை 2001-ல்தான் அடையாளம் கண்டார்கள். கசப்பை உணரவோ கிட்டத்தட்ட 25 வகைப் பூட்டுகள் இருக்கின்றன. இனிப்பு எங்கிருந்து வந்தாலும் இனிப்புத்தான். கசப்பு விஷயத்தில்தான் உடம்புக்கு அத்தனை சந்தேகம்.

ஒரே பூட்டு என்பதால் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "வெள்ளைச் சீனிதானே கெடுதல், நாங்க கருப்பட்டிதான் போடுறோம்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. கருப்பட்டியில் மணம் உண்டு, கொஞ்சம் தாது உப்புகளும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியில் இருக்கிற அதே சுக்ரோஸ். பழக்கம் என்ற கணக்கில் பார்த்தால் குழந்தையின் நாக்குக்குக் கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, சீனி எல்லாம் ஒன்றே. தேன் இன்னும் ஒரு படி மேல்: ஒரு வயது ஆகாத குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியா வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நச்சு உண்டாக்கிவிடும். அது சுவைப் பேச்சு இல்லை, உயிர்ப் பேச்சு.

குழந்தைகளுக்குப் பெரியவர்களைவிடக் கூடுதலான இனிப்புப் பிடிப்பதும் இயல்புதான். நமக்குத் திகட்டுகிற பாயசத்தை அவர்கள் கிண்ணத்தை வழித்துத் தின்பார்கள். வளர்ச்சி வேகம் குறைகிற பதின்பருவத்தில் இது தானாகவே கொஞ்சம் இறங்குகிறது. ஆகவே மூன்று வயதுப் பிள்ளைக்குச் சீனி பிடிக்கிறது என்பதில் யார் குற்றமும் இல்லை. அண்ணன் மகளிடம் முதலில் இதைச் சொன்னதும் முகம் தெளிந்தாள்.

நாக்குக்கு முன்னால் மூக்கு

அடுத்ததைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ஒரு வாய் கவுனி அரிசி (கறுப்பரிசியை வேகவைத்துச் சீனியும் தேங்காய்ப்பூவும் ஏலக்காயும் போட்ட எங்கள் ஊர் இனிப்பு) தின்னுங்கள். இனிப்புத் தெரியும், அரிசியின் பிசுக்குத் தெரியும், தேங்காய்ப்பூ பல்லில் நறுக்கென்று கடிபடும். ஏலக்காய் மட்டும் காணாமல் போயிருக்கும். மூக்கை விடுங்கள், சட்டென்று வந்து நிற்கும். நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் இறைச்சிச் சாறு மாதிரியான ஒரு ருசி, அவ்வளவுதான். மற்றதெல்லாம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறுகிற மணம். இரண்டையும் சேர்த்துத்தான் ருசி என்கிறோம்.

ஏலக்காயை மட்டும் மென்று பார்த்தால் அதில் இனிப்பே கிடையாது. காரமும் லேசான கசப்பும்தான். ஆனாலும் அதை இனிப்பு வாசனை என்கிறோம். பிறந்ததிலிருந்து நமக்கு அது பாயசத்தோடும் பணியாரத்தோடுமே வந்ததால் மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. இந்த முடிச்சுப் போடும் வேலைதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

அந்த வேலை வயிற்றுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. தாய் சாப்பிடும் பொருளின் மணம் பனிக்குட நீரில் கலக்கிறது, குழந்தை அதை விழுங்குகிறது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில் சுவையையும் மணத்தையும் மட்டுமே ஆராய்கிற மோனெல் மையம் என்று ஒன்று உண்டு. அங்கே ஜூலி மெனெல்லா தலைமையில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வில் சில தாய்மார்கள் கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலும், சிலர் பால் கொடுக்கும் முதல் இரண்டு மாதங்களிலும் கேரட் சாறு குடித்தார்கள். சிலர் வெறும் தண்ணீர். பிறகு குழந்தைகள் கூழ் சாப்பிடும் வயதில், கேரட் கலந்த கூழை ஊட்டியபோது, ஏற்கெனவே அந்த மணத்தைச் சந்தித்திருந்த குழந்தைகள் முகம் சுளித்தது குறைவு. 2022-ல் இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தார் சுமார் நூறு கர்ப்பிணிகளுக்குக் கேரட் பொடியோ கேல் என்ற கசப்புக் கீரையின் பொடியோ அடைத்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கேரட்டுக்கு வயிற்றுப் பிள்ளையின் முகம் சிரிப்பது போலவும் கீரைக்கு அழுவது போலவும் போனது. அது உண்மையில் சிரிப்பா என்று கேட்டால் சொல்ல முடியாது. ஆனால் வித்தியாசம் தெரிகிறது என்பது உறுதி.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பூண்டுக் கதை. அதே மோனெல் மையத்தில் 1991-ல் பால் கொடுக்கும் தாய்மார்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பாலில் பூண்டு வாடை உச்சத்துக்கு வந்தது. குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக, மார்பை விடாமல் கூடுதல் நேரம் பற்றிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாடு என்றால் முதலில் நிற்பது பூண்டுக் குழம்பு. பால் ஊறும் என்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள். கூடவே இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது: செட்டிநாட்டுக் குழம்பின் மணத்தைக் குழந்தை பாலோடு சேர்த்தே பழகிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டுப் பையனின் தாய் காரைக்குடியிலேயே பிள்ளை பெற்றவள். அவன் சட்னியில் இருந்த பூண்டு அவனுக்குப் புதிதே இல்லை.

சேனைத் தண்ணியும் ஃபீடிங் பாட்டிலும்

எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பார்கள். குடும்பத்தில் நல்ல குணம் என்று பெயர் வாங்கிய பெரியவர் ஒருவர் சீனித் தண்ணியை விரலில் தொட்டு நாக்கில் வைப்பார். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. பிடிவாதம் பிடிக்கிற பிள்ளையைப் பார்த்து, "இவனுக்கு யாரு சேனை வச்சது?" என்று கேட்பது இன்றைக்கும் உண்டு.

இப்போது மருத்துவர்கள் சேனையே வேண்டாம் என்கிறார்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதுதான் விதி. சுத்தம், தொற்று, பால் குடிக்கும் ஆர்வம் குறைவது என்று அதற்கான காரணங்கள் வேறு. விரலால் தொட்டு வைத்த அந்த ஒரு துளி வாழ்நாள் முழுவதும் நாக்கை மாற்றிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

மாற்றுவது, தினசரி பாட்டிலில் போகிற சீனித் தண்ணி. 1982-ல் பூஷாம்ப், மோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் (இவர்களும் மோனெல்தான்) பிறந்த குழந்தைகளைப் பார்த்தார்கள். எல்லாக் குழந்தைகளும் வெறும் தண்ணீரைவிடச் சீனித் தண்ணியைத்தான் அதிகம் குடித்தன. ஆறு மாதம் கழித்து அதே குழந்தைகளை மறுபடி பார்த்தார்கள். இடைப்பட்ட மாதங்களில் வீட்டில் சீனித் தண்ணி பழகிய குழந்தைகளிடம் அந்த ஆசை அப்படியே இருந்தது. பழகாத குழந்தைகளிடம் குறைந்திருந்தது. பிறவியில் வந்த விருப்பம் சும்மா விட்டால் தண்ணீர் விஷயத்தில் தணிந்துவிடுகிறது, ஊட்டி வளர்த்தால் நிலைத்துவிடுகிறது.

இந்தக் குழந்தைகளுக்கு இரண்டு வயது ஆனபோது மறுபடி ஒரு சோதனை. 1984-ல் வெளிவந்த அந்த முடிவில்தான் சுவாரசியம். சீனித் தண்ணி பழகியவர்கள் இப்போதும் சீனித் தண்ணியை அதிகம் குடித்தார்கள். ஆனால் பழச்சுவை சேர்த்த பானம் ஒன்றைக் கொடுத்தபோது இரண்டு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. பழகியது 'இனிப்பு' என்ற பொதுவான ஒன்று அல்ல, 'தண்ணீர் இனிக்கலாம்' என்ற ஒன்று.

இதில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்ல வேண்டும். யார் சீனித் தண்ணி கொடுப்பது என்பதை ஆய்வாளர்கள் குலுக்கல் போட்டு முடிவு செய்யவில்லை. தாய்மார்கள் தங்கள் இஷ்டப்படி கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்த வீட்டில் மற்ற இனிப்புகளும் தாராளமாக இருந்திருக்கலாம். ஆகவே இந்த ஒரு ஆய்வை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. அடுத்த ஆய்வு அந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைக்கிறது.

இனிப்புக்கு ஒரு இடம்

1990-ல் அமெரிக்காவில் சூசன் சல்லிவன், லியான் பர்ச் என்ற இருவர் நான்கைந்து வயதுக் குழந்தைகளுக்கு அவர்கள் அதற்குமுன் தின்றிராத ஒரு பொருளைக் கொடுத்தார்கள்: டோஃபு, அதாவது சோயா பாலில் செய்த பன்னீர். அதற்கென்று சுவையே கிடையாது. ஒரு குழுவுக்குச் சர்க்கரை போட்டது, இன்னொன்றுக்கு உப்புப் போட்டது, மூன்றாவதற்கு வெறும் டோஃபு. பல வாரங்களில் பதினைந்து தடவை. யார் எதைத் தின்று பழகினார்களோ அதுதான் அவர்களுக்குப் பிடித்தது. இனிப்பு டோஃபு தின்ற குழந்தைகளுக்கு வெறும் டோஃபு பிடிக்காமல் போனது. வெறும் டோஃபு தின்றவர்கள், இனிப்பு பிறவியிலேயே பிடிக்கும் என்று இவ்வளவு நேரம் சொன்னோமே, அந்தக் குழந்தைகளே, வெறும் டோஃபுதான் சரி என்றார்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர்ப் பலகாரங்கள் எனக்குக் கைகொடுத்தன. அதே பச்சரிசி, அதே உளுந்து. வெள்ளைப் பணியாரமாகச் சுட்டால் காரச் சட்னி. மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பொரித்துப் பாலில் ஊறப்போட்டால் பால் பணியாரம், அது இனிக்க வேண்டும். கருப்பட்டிப் பணியாரம் பெயரிலேயே இனிப்பைச் சொல்லிவிடுகிறது. கந்தரப்பம் இனிப்பு, தேன்குழல் உப்பு. மனகோலத்தில் வெல்லப்பாகு வேண்டும். இந்த ஊரில் வளர்கிற பிள்ளைக்கு நாலு வயதுக்குள் இந்தப் பட்டியல் முழுக்க மனப்பாடம். பால் பணியாரத்தில் இனிப்புக் குறைந்தால் கோபித்துக்கொள்ளும். அதே பிள்ளையின் வெள்ளைப் பணியாரத்தில் சீனி தூவினால் "ஐயே" என்று தட்டைத் தள்ளும். மொழியில் எந்தச் சொல்லுக்கு எந்த விகுதி என்று யாரும் பாடம் நடத்தாமலே பிள்ளை கற்றுக்கொள்கிறதே, அந்த மாதிரி.

என் அண்ணன் பேத்தியின் இலக்கணத்தில் அரிசி என்றாலே இனிப்பு என்று எழுதியிருந்தது. கதையைக் கேட்டேன். ஏழாம் மாதம் கடையில் வாங்கிய தானியப் பொடி, இனிப்பானது. அப்புறம் கேழ்வரகுக் கூழ், வெல்லம் போட்டது. இட்லி ஒரு நாள் வேண்டாம் என்றாள், சீனி தொட்டுக் கொடுத்ததும் தின்றாள், அன்றிலிருந்து தினமும். தயிர்ச்சோறும் அதே வழி. ஒவ்வொன்றும் அந்தந்த வேளைக்குச் சின்னச் சமாதானம்தான். வேலைக்குப் போகிற பெண், காலை ஏழரை மணிக்கு வண்டி வந்து நிற்கிறது, வேறு என்ன செய்வாள்? ஆனால் பிள்ளையின் நாக்கு ஒவ்வொரு சமாதானத்தையும் விதியாகக் குறித்துக்கொண்டது.

கடைப் பொடி பற்றி இரண்டு வார்த்தை. சுவிட்சர்லாந்தில் இயங்கும் ஒரு கண்காணிப்பு அமைப்பு 2024-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் குழந்தைத் தானியப் பொடி, ஐரோப்பாவில் சில நாடுகளில் சர்க்கரை சேர்க்காமல் விற்கிறது. இந்தியாவில் விற்ற பொடியில் ஒரு வேளைக்குச் சராசரியாக 3 கிராமுக்குக் கிட்டத்தில், ஏறக்குறைய முக்கால் தேக்கரண்டி, சேர்த்த சர்க்கரை இருந்தது. அதன்பின் இங்கேயும் பேச்சு எழுந்தது. எந்தப் பொடியானாலும் டப்பாவைத் திருப்பிப் பொருள் பட்டியலைப் பார்ப்பது நல்லது. சர்க்கரை, குளுக்கோஸ், தேன், அடர்த்தியாக்கிய பழச்சாறு எல்லாம் ஒரே குடும்பம். அங்கன்வாடிச் சத்துமாவிலும் வெல்லம் உண்டு. ஆனால் எடை குறைந்த பிள்ளைகளுக்குச் சக்தி சேர்வதற்காகக் கொடுப்பது அது. அதைக் குறை சொல்ல நான் வரமாட்டேன். அதே மாவைக் காரக் கொழுக்கட்டையாகவோ அடையாகவோ செய்ய முடியாதபடி வெல்லம் முன்னமே கலந்திருக்கிறதே என்பது மட்டும் என் ஆதங்கம்.

எட்டாவது தடவை

சரி, பழகியதை மாற்ற முடியுமா? முடியும். டோஃபுக் குழந்தைகள் பதினைந்து தடவையில் கற்றுக்கொண்டார்கள். ஐரோப்பாவில் நடந்த வேறோர் ஆய்வில், ஏழு மாதக் குழந்தைகள் அடியோடு வெறுத்த ஒரு காய்கறி மசியலை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டு முறை கொடுத்தபோது, எட்டாவது முறையில் பெரும்பாலான குழந்தைகள் விரும்பிச் சாப்பிட்டன. நாம் என்ன செய்கிறோம்? இரண்டு தடவை துப்பியதும் "அவளுக்குச் சுரைக்காய் ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். தீர்ப்புக்கு இன்னும் ஆறு வாய்தா பாக்கி இருக்கிறது.

வயதும் ஒரு கணக்கு. ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை குழந்தைகள் எதையும் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். மண், செருப்பு, எறும்பு எல்லாம் அதில் சேர்த்தி. இரண்டு வயது வாக்கில் ஒரு கதவு சாத்திக்கொள்கிறது. தெரியாத சாப்பாடு என்றாலே சந்தேகம். தானாக நடக்கப் பழகிய பிள்ளை கண்டதையும் தின்று வைக்காமல் இருக்க இயற்கை போட்ட தாழ்ப்பாள் என்று சிலர் விளக்குகிறார்கள். ஆறு வயது வாக்கில் தளரும். ஆகவே எளிதான காலம் முதல் ஒன்றரை ஆண்டு. அதற்கப்புறம் கதவைத் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும்; திறக்காது என்று இல்லை.

தட்டுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. பாகற்காயில் வெல்லம் போட்டால் பிள்ளை தின்னும், உண்மைதான்; சுவையோடு சுவையை முடிச்சுப் போடுகிற அந்த வித்தையும் ஆய்வுகளில் வேலை செய்கிறது. ஆனால் இனிப்பே சேர்க்காமல் திரும்பத் திரும்பக் கொடுப்பதும் பல ஆய்வுகளில் ஏறக்குறைய அதே பலனைத் தந்திருக்கிறது. அப்படியானால் வெல்லம் எதற்கு? வாயில் திணிப்பதும் கூடாது, "இதைத் தின்னாத்தான் லட்டு" என்று பேரம் பேசுவதும் கூடாது. பேரம் பேசினால் லட்டின் மதிப்புத்தான் ஏறும். பர்ச் 1999-ல் இன்னொன்றையும் காட்டினார்: கண்ணுக்கு முன்னால் வைத்துவிட்டுத் தொடக்கூடாது என்று தடுத்த தின்பண்டத்தின் மேல்தான் குழந்தைகளின் கண் கூடுதலாகப் போனது. எங்கள் வீட்டில் அதிரசத் தூக்கு பரண்மேல் இருந்த காலத்தில், ஸ்டூல் மேல் ஸ்டூல் வைத்து ஏறி நான் விழுந்த தழும்பு இன்னும் முழங்காலில் இருக்கிறது. இந்த ஆய்வு எனக்குப் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் மகள் அந்தத் தடவை இரண்டு வாரம் இருந்தாள். சமையலறை நாள்காட்டியில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாள். முதல் நாள் பணியாரத்தைப் பிய்த்துப் போட்டாள் குட்டி, அழுகை. இரண்டாம் தடவை நக்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் இட்லி, சீனிக்குப் பதில் நெய்யும் பருப்புப் பொடியும். பொடியை மட்டும் விரலால் தொட்டுத் தின்றுவிட்டு இட்லியைப் பூனைக்குப் போட்டாள். இடையில் ஒரு நாள் யாரும் கேட்காமல் அப்பத்தா சீனியைத் தூவி ஊட்டிவிட்டார். அந்தக் கோட்டை அண்ணன் மகள் அழித்துவிட்டாள். "கணக்கு வாத்தியார் பேத்தின்னு காமிக்கிறா" என்றார் அப்பத்தா.

இரண்டு வயது வரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், இரண்டு வயதுக்குள் குழந்தை உணவில் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2023-ல் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இனிப்பூட்டிய பானம் வேண்டாம் என்றது. பழத்தில் இருக்கிற இனிப்பு இதில் வராது. நாட்டுப்பழத்தைப் பிசைந்து கொடுங்கள், தாராளமாக.

ஏன் அந்த இரண்டு வருடம் என்பதற்குச் சுவை தாண்டியும் ஒரு சாட்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் சீனிக்கு ரேஷன் வந்தது. 1953 செப்டம்பரில்தான் எடுத்தார்கள். எடுத்ததும் மக்கள் சீனி தின்பது ஏறக்குறைய இரட்டிப்பானது. ரேஷன் முடிவதற்குச் சற்று முன்னும் பின்னும் கருவானவர்களின் பிற்கால உடல்நலத்தை ஒப்பிட்டு 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. வயிற்றில் இருந்த காலமும் பிறந்தபின் முதல் இரண்டு வருடமும் ரேஷனுக்குள் கழிந்தவர்களுக்கு நடுவயதில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதமும், இரத்தக் கொதிப்பு சுமார் 20 சதவீதமும் குறைந்திருந்தது. இது நாக்கு பழகியதால்தானா, உடம்பின் உள்வேலை மாறியதாலா என்பதை இந்தக் கணக்கு பிரித்துக் காட்டவில்லை. ஆனாலும் யாரும் திட்டமிட்டு நடத்த முடியாத சோதனையைப் போர் நடத்திவிட்டுப் போயிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, வீட்டில் சீனி டப்பாவையே ஒழித்துவிடுகிறேன் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று. 2025-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் பெரியவர்களை மூன்றாகப் பிரித்து ஆறு மாதம் ஒரு குழுவுக்கு இனிப்பான உணவு நிறையவும், ஒன்றுக்கு நடுத்தரமாகவும், ஒன்றுக்குக் குறைவாகவும் கொடுத்தார்கள். கடைசியில் மூன்று குழுவினரின் இனிப்பு ஆசையும் தொடங்கிய இடத்திலேயே நின்றது. கூடத் தின்றால் ஆசை கூடும், குறைத்தால் குறையும் என்று நாம் சொல்கிற கணக்கு பெரியவர்களிடம் அவ்வளவு நேராக ஓடவில்லை. குழந்தைகளிடமும் உறுதியாகத் தெரிவது, முன்னமே சொன்ன மாதிரி, எதில் இனிப்பு என்ற பாடம்தான். அதனால் என் யோசனை ஒழிப்பதில் இல்லை. இரண்டு வயது வரை சேர்க்காதீர்கள். அதன்பின் இனிப்பை இனிப்புப் பலகாரத்திலேயே இருக்க விடுங்கள். ஆடியில் கும்மாயம் கிண்டினால் பிள்ளைக்கும் ஒரு உருண்டை. பிள்ளையார்பட்டிக்குப் போனால் கொழுக்கட்டை. இட்லிக்கும் தயிர்ச்சோற்றுக்கும் தண்ணீருக்கும் பாலுக்கும் அந்த இனிப்பு நடந்து வராமல் பார்த்துக்கொண்டால் போதும். பாலில் கலக்குகிற மாவுகள் உட்பட.

நாள்காட்டியில் ஒன்பதாவது கோடு விழுந்த காலை. மறுபடி வெள்ளைப் பணியாரம். சீனி டப்பா பரணுக்குப் போகவில்லை, மேசையிலும் இல்லை; எப்போதும் இருக்கிற அஞ்சறைப்பெட்டிப் பக்கத்தில் சும்மா இருந்தது. குட்டி எதிர்வீட்டுப் பையனின் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன் தன் சட்னிக் கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினான். பணியாரத்தின் ஒரு ஓரத்தை ஒற்றினாள், வாயில் வைத்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, தம்ளரைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். அப்புறம் இன்னொரு ஓரத்தை ஒற்றினாள்.

சாயங்காலம் கவுனி அரிசி. நெய்யும் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் கிண்ணத்தை நீட்டினார் அப்பத்தா.

"இதுக்குச் சட்னி கேக்காம இருந்தாச் சரி."